மூன்றாவது மரகதம்

நிலாவுக்கு லாரி விட ஆரம்பித்த பிறகும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் தொழில் படுத்துவிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ராக்கெட் செய்ய உலகத்தில் யார் யாரோ இருந்தார்கள். ஆனால் அங்கே போய் இறங்கி மண் அள்ளுகிற வண்டிக்குப் பாடி கட்ட நாமக்கல்லை விட்டால் ஆள் கிடையாது. தர்ஷித் பட்டறையில் கட்டிய வண்டிகளே நிலாவில் நிறைய ஓடின. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் தொங்கும். பின்னால் மஞ்சள் எழுத்தில் 'ஒலி எழுப்பவும்' என்று இருக்கும். காற்றே இல்லாத இடத்தில் எவன் எப்படி ஒலி எழுப்புவான் என்று வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் கேட்டார். "எழுப்பிப் பாக்கட்டுங்க. எழும்பலைன்னா அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லித் தர்ஷித் அவரை இளநீர் குடிக்க வைத்து அனுப்பிவிட்டார்.

அந்தத் தர்ஷித்துக்கும், கோழித்தீவன ஆலையில் கணக்குப் பிரிவை ஆண்டுகொண்டிருந்த கனிஷ்காவுக்கும் ஒரே மகள். பெயர் மரகதம். பழைய பெயர்கள் மறுபடி நாகரிகமாகிவிட்ட காலம் அது. அவள் வகுப்பிலேயே மூன்று குப்பாயி, ஒரு ராமாயி. 'ஷ' வருகிற பெயரெல்லாம் பெரிசுகளின் பெயர் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மரகதம் பன்னிரண்டாவது முடித்ததும் வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்தது. அவள் விண்சுரங்கப் பொறியியல் படிக்க வேண்டும் என்றார் அப்பா. மருத்துவம்தான் என்றாள் அம்மா. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இருவரும் மகள் வழியாகப் பேசினார்கள்.

"உன்ற அப்பா கிட்டச் சொல்லு. கல்லு ஒடைக்கறதுக்கு எம்பட புள்ளையை ஆகாசத்துக்கு அனுப்ப முடியாது."

"உன்ற அம்மா கிட்டச் சொல்லு. அது கல்லு இல்ல, பிளாட்டினம். நம்ம புள்ளை அங்க அதிகாரியா இருந்தா வண்டி ஆர்டர் பூராவும் நம்ம பட்டறைக்குத்தான் வரும்."

நடுவில் இருந்த மரகதத்துக்கு ஈ பிடிக்கும்.

இதை அவள் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். கோயமுத்தூரில் பூச்சியியல் இருக்கிறது, அதிலும் ஈக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது என்றாள். அப்பா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"கடையில உக்காந்து ஈ ஓட்டறவனைப் பாத்திருக்கறேன். ஈ ஓட்டறதுக்குக் காலேஜுக்குப் போறவளை இப்பத்தான் பாக்கறேன். ஏன் அம்மிணி, ஈ என்ன லாரி வாங்குமா?"

கோழிப்பண்ணை ஊரில் ஈயைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது, திருடனுக்கு மாலை போடுவது மாதிரி. ஆனால் மரகதம் சின்ன வயதிலிருந்தே மொட்டைமாடியில் ஊறுகாய் பாட்டில்களில் ஈ வளர்த்தவள். எந்தக் கோழி எருவில் எந்த ஈ முட்டையிடும், எந்தப் புழு எருவைத் தின்று தீர்க்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நீலம் அடித்த லாரியில் ஈ உட்காருவதில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவளும் அவள்தான். அதற்கப்புறம் முட்டை லாரிக்காரர்கள் எல்லோரும் தர்ஷித்திடம் வந்து நீலம் கேட்டார்கள். அது தன் ராசி என்று தர்ஷித் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

அம்மாவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். "ஈ காலாலதாம்மா ருசி பாக்கும். சோத்து மேல வந்து நின்னாலே அதுக்கு ருசி தெரிஞ்சுரும்."

"அதை டாக்டருக்குப் படிச்சுப்போட்டு ஓய்வு நேரத்துல பாத்துக்க கண்ணு" என்றாள் அம்மா.

இந்த மாதிரி வீட்டுச் சண்டைகளுக்கென்றே அரசாங்கம் முன்பார்வை என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. பிள்ளை கேட்கிற படிப்பைப் படித்தால் நாற்பத்தைந்து வயதில் எப்படி இருக்கும் என்று ஆளையே கொண்டுவந்து உட்கார வைத்துக் காட்டுகிற மிஷின். ஒரு பிள்ளைக்கு மூன்று தடவை காட்டுவார்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அப்பா, அம்மா, பிள்ளை மூவரில் இரண்டு பேராவது ஒரே படிப்புக்குச் 'சரி' என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வருசத்து இடம் போயே போச்சு. மறு வருசம் அரசாங்கம் பார்த்துக் கொடுப்பதைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சட்டம் எழுதியவர்கள் இதை ஓர் அலுவலக வேலையாகத்தான் நினைத்தார்கள். நம் ஜனங்கள் அதைப் பெண் பார்க்கிற சடங்காக்கிவிட்டார்கள். 'ஆள் பாக்கறது' என்று பெயர் வைத்தார்கள். நல்ல நேரம் குறித்தார்கள், பூந்தட்டு வைத்தார்கள், பஜ்ஜி போட்டார்கள். அடுத்த தெருவில் ஒரு பையனுக்குப் பார்த்தபோது, வந்த நாற்பத்தைந்து வயது ஆள் சோபாவில் உட்கார்ந்ததும் ஓவென்று அழுதுவிட்டாராம். "சம்பளம் எப்படிங்க?" என்று கேட்டார்களாம். அழுகைக்கு நடுவே அவர் சொன்ன தொகை பிடித்துப்போய், பையனை அதிலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம், நாளைக்கு வரப்போகிறவர் கூடத்தில் எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று குழந்தைகளுக்கு மூன்று வயதிலிருந்தே சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடங்கள் ஊரெங்கும் முளைத்தன. மரகதமும் அப்படி ஒன்றில் நான்கு வருசம் படித்துத் தேறியவள்தான்.

ராகுகாலம் கழிந்ததும் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். சேலத்திலிருந்து முன்பார்வைப் பெட்டியோடு வருகிற அலுவலர். காதில் ஒரு கருவி, கையில் மடக்கு விளக்குகள், முகத்தில் பல கூடங்களைப் பார்த்துச் சலித்த பொறுமை. சோபாவைச் சுற்றி விளக்குகளை நட்டுவைத்தாள்.

"எப்படிங்க இது வேலை செய்யுது?" என்றார் தர்ஷித். எந்த மிஷினைப் பார்த்தாலும் அவருக்குத் திறந்து பார்க்கத் தோன்றும்.

"பாப்பா பொறந்ததுல இருந்து பள்ளிக்கூடக் கேமரா, கை வளையம், போன், வூட்டுல நடந்த பேச்சு எல்லாம் பதிவாயிருக்குதில்லீங்களா? அதை வச்சு இந்தப் பாப்பாவையே உள்ள உண்டாக்கி, நீங்க சொல்ற படிப்பைக் குடுத்து வளர விடும். நாப்பத்தஞ்சு வயசானதும் நான் கூப்பிடுவேன். வந்து உக்காருவாங்க."

"பொய் கிய் சொல்லாதுங்களே?" என்றாள் கனிஷ்கா.

"மிஷின் பொய் சொல்லாதுங்க. ஆளு சொல்லலாம். நேர்ல இருந்தா என்ன சொல்லுவாங்களோ அதைத்தான் சொல்லுவாங்க."

"காபி குடிப்பாங்களா?"

"வெளிச்சந்தானுங்க அம்மா. குடிக்க மாட்டாங்க."

"இருந்தாலும் வர்ற ஒறம்பரைக்கு ஒரு டம்ளர் காபி வெக்காம எப்படி?" என்று கனிஷ்கா உள்ளே போனாள். மரகதத்துக்குப் பட்டுப் பாவாடை கட்டிவிட்டு, கையில் தட்டைக் கொடுத்தாள். தட்டில் மூன்று டம்ளர். "குடுத்துப்போட்டுக் கீழ உக்காரு. எதிர்த்தாப்புல நிக்காதே. பெரியவங்க பேசும்போது நீ பேசாதே."

"வர்றது நானேதானேம்மா?"

"அதுக்காக? வயசுல மூத்தவங்க."

முதலில் அப்பாவின் ஆள். விளக்குகள் எரிந்தன. சோபாவில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்த முடி, கழுத்து வரை பொத்தான் போட்ட கரும்பச்சைச் சட்டை, தோளில் நிறுவனச் சின்னம். மரகதத்தின் மூக்கு, மரகதத்தின் புருவம். தர்ஷித் தன்னையறியாமல் எழுந்து நின்று வேட்டியை இறக்கிவிட்டார்.

"வாங்க... வாங்க. பயணமெல்லாம் சௌகரியந்தானுங்களே?"

"சௌகரியந்தானுங்கப்பா."

'அப்பா' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நெஞ்சு விம்மியது. வேலை எப்படி, பதவி என்ன, வீடு எங்கே, கிழக்குப் பார்த்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அழகான பதில் வந்தது. வருசத்தில் பாதி விண்கல் மேல், பாதி ஓசூரில். வண்டி ஆர்டரெல்லாம் நம் பட்டறைக்குத்தான். தர்ஷித் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

கனிஷ்கா விடவில்லை. "அங்கெல்லாம் தூக்கம் வருங்களா?" என்றாள்.

"படுத்தா எந்திரிக்க மாட்டேனுங்கம்மா."

"வேலை புடிச்சிருக்குதுங்களா?"

"ரொம்பப் புடிச்சிருக்குதுங்க."

தரையில் உட்கார்ந்திருந்த மரகதத்துக்குக் கண் எதிரே அந்த அம்மாளின் கால்கள்தான் தெரிந்தன. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. இடது கால் கட்டைவிரல் மட்டும் உள்பக்கமாக மடங்கி, தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

மரகதத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடைய ரகசியம். மதியச் சாப்பாட்டை ஈக்களுக்குப் போட்டுவிட்டு 'சாப்பிட்டேனுங்கம்மா' என்று சொல்லும்போதெல்லாம் அவள் இடது கட்டைவிரல் அப்படித்தான் மடங்கும். முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் கால்விரலைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆக, பொய்யெல்லாம் அங்கே போய் ஒளிந்துகொண்டது.

கடைசியில் அந்த அம்மாள் மேசைமேல் இருந்த காபியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குடிக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தது போலிருந்தது. விளக்கு அணைந்தது.

அடுத்தது அம்மாவின் ஆள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கண்ணில் தங்க விளிம்பு வைத்த கண்ணாடி. கனிஷ்காவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "வாங்க டாக்டர்" என்றாள். தன் வயிற்றில் பிறந்தவளைத்தான் அப்படிக் கூப்பிட்டாள். கூப்பிட்ட சந்தோசத்தில் இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். பிறகு, வந்தது வந்தாகிவிட்டது என்று, "இந்த முட்டி வலிக்கு என்னங்க பண்ணலாம்?" என்று கேட்டுவைத்தாள்.

"மாடிப்படியைக் குறைச்சுக்குங்கம்மா."

"சந்தோசமா இருக்கறீங்களா கண்ணு?"

"நெம்ப சந்தோசமுங்க. எல்லாம் உங்களாலதான்."

செருப்புக்குள் கட்டைவிரல் மடங்கியது. மரகதம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது தர்ஷித்தின் முறை. "ராத்திரியில எல்லாம் எழுப்புவாங்களே, சிரமமா இல்லீங்களா?"

"அதெல்லாம் பழகிப்போச்சுங்கப்பா."

இதைச் சொல்லும்போது மட்டும் விரல் அசையாமல் நேராக இருந்தது. அது ஒன்றுதான் நிஜம். பழகிப்போனது.

டாக்டரும் போனார். கூடத்தில் பழைய சண்டை புதுப் பலத்தோடு ஆரம்பமானது. யார் கொண்டுவந்த ஆள் உசத்தி என்பதில் இருவரும் ஒருவருக்கொருவர் நேரடியாகவே பேசிக்கொண்டார்கள். பல நாளைக்கப்புறம் நடந்த நல்ல காரியம் அது.

"எம்பட ஆளு தோரணையைப் பாத்தீல்ல?"

"தோரணையை வெச்சுத் தோசையா சுடறது? எம்பட ஆளு கையைப் பாத்தீங்களா? உயிர் காப்பாத்தற கை!"

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று ஜெசிந்தா எந்த வீட்டிலும் சொல்வதையே சொன்னாள். "பாப்பா, உனக்கு எது?"

"மூணாவதுங்க" என்றாள் மரகதம். "பூச்சியியல்."

"அது எதுக்கு வீணா?" என்றார் அப்பா.

"மூணாவது தடவை பாக்கறது புள்ளையோட உரிமைங்க. நாம மறுக்க முடியாது" என்று ஜெசிந்தா பெட்டியைத் திருகினாள்.

மரகதத்தின் பயம் அப்பா அம்மா என்ன சொல்வார்களோ என்பதில்லை. வரப்போகிறவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, 'ரொம்பப் புடிச்சிருக்குதுங்க' என்று சொல்லி, கட்டைவிரலை மடக்கிவிட்டால்? அப்புறம் எந்தப் படிப்பைப் படித்து என்ன? தரையோடு தரையாகக் குனிந்து, கால்கள் வரப்போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்குகள் எரிந்தன. சோபா காலியாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். ஜெசிந்தா ஒரு விளக்கைத் தட்டினாள். காதுக்கருவியை அழுத்திப் பிடித்தாள். அவள் முகத்தில் இருந்த பழைய பொறுமை அப்போதுதான் முதல் தடவையாகக் கலைந்தது.

"ரிப்பேருங்களா?" என்று தர்ஷித் ஆவலோடு ஸ்குரூ டிரைவரைத் தேடினார்.

"இல்லீங்க. ஆளு உண்டாகிட்டாங்க. நல்லாத்தான் இருக்காங்க." ஜெசிந்தா தயங்கினாள். "வர மாட்டேங்கறாங்க."

"என்னது?"

"வர மாட்டாங்களாம்."

"அதெப்படிங்க வராம இருக்க முடியும்? மிஷினுக்குள்ளதானே இருக்கறா?"

"ஆளை உண்டாக்கறதுதானுங்க மிஷின் வேலை. இழுத்துட்டு வர்றது இல்ல. நான் கூப்பிட்டா அவங்களாத்தான் வரணும். இதுவரைக்கும் எல்லாரும் வந்திருக்காங்க. அப்பா அம்மா கூப்பிட்டா புள்ளைங்க வந்துருவாங்கதானுங்களே? இதுக்கு என்ன செய்யணும்னு எங்களுக்குப் பயிற்சியில சொல்லலீங்க."

தர்ஷித் மீசையை நீவினார். "அப்பா கூப்பிடறேன்னு சொல்லுங்க."

ஜெசிந்தா கருவியில் முணுமுணுத்தாள். கேட்டாள். "தெரியும்ங்கறாங்க."

"தெரிஞ்சுமா வரலை?"

"தெரிஞ்சதாலதான் வரலையாம்."

மரகதம் தரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நான் அம்மா கூப்பிடறேன்னு சொல்லுங்க" என்றாள் கனிஷ்கா. "காபி ஆறுதுன்னு சொல்லுங்க."

"அம்மான்னா தனியா வந்து பேசறாங்களாம். இப்படி உக்கார வச்சுக் கேள்வி கேக்கறதுக்கு வர முடியாதாம். அங்க... ஈ முட்டை பொரிக்கற நேரம் வேறயாம். விட்டுட்டு வர முடியாதாம்."

"சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க" என்றார் தர்ஷித்.

"'உங்க வருமானத்தை நான் கேட்டேனா'ங்கறாங்க."

"சந்தோசமா இருக்கறாளான்னாச்சும்..." என்று கனிஷ்கா இழுத்தாள்.

ஜெசிந்தா கொஞ்சம் அதிகமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். "அது அவங்க சொந்த விசயமாம்."

தர்ஷித்துக்கு முகம் சிவந்தது. "என்ன திமிரு பாரு! எங்கிருந்து வந்துது இவளுக்கு? ஈயோட பழகி ஈ புத்தியே வந்துருச்சு. தொரத்துனா வந்து மேல உக்காரும், கூப்பிட்டா வராது!"

"எல்லாம் நீங்க குடுத்த செல்லம்" என்றாள் கனிஷ்கா.

"நான் குடுத்த செல்லமா?"

காலி சோபாவைப் பார்த்து இருவரும் மாறி மாறித் திட்டினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. விளக்கு வெளிச்சத்தில் யாருமே உட்காராத சோபா மெத்தை பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மரகதத்துக்குள் என்னவோ திறந்துகொண்டது. பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"இவதானுங்க. எனக்கு இவதான் வேணும். பூச்சியியல். சரி."

"உக்காரு கீழ! வராதவளைப் பாத்து எவளாவது சரி சொல்லுவாளா?"

"வந்த ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டுப் போனாங்கப்பா."

"என்னடி பொய்?" என்று அம்மா சீறினாள்.

மரகதம் இடது காலை முன்னால் நீட்டிக் காட்டினாள். கட்டைவிரல் விசயத்தைச் சொன்னாள். இத்தனை வருசமாகக் காத்துவைத்த ரகசியத்தை இப்படிப் போட்டு உடைக்கிறோமே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

தர்ஷித் நம்பவில்லை. எதையும் ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்பவர். "நேத்து மத்தியானம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேனுங்கப்பா."

எல்லோரும் குனிந்தார்கள். விரல் மடங்கியது.

"மொட்டைமாடியில எத்தனை பாட்டில் இருக்குது?"

"நாலுங்கப்பா." மறுபடியும் மடங்கியது.

"அட!" என்றார் தர்ஷித். ஒரு நிமிசம் சண்டையையே மறந்து, நல்ல கருவியைப் பார்த்த தொழில்காரர் மாதிரி ரசித்தார். "நாலு இல்லியா? எத்தனை?"

"அது என்ற சொந்த விசயமுங்கப்பா."

விரல் அசையவில்லை.

தர்ஷித் நிமிர்ந்தார். "சரி, பொய்யே சொல்லியிருக்கட்டும். அதனால என்ன? யாரு வூட்டுல சொல்லலை? புடிச்சதைப் படிச்சு எவன் உருப்பட்டான்? இதா, உன்ற அம்மாவும்தான் டாக்டராகணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அவங்கப்பன் கூப்பிட்டு, கணக்குப் படின்னாரு. படிச்சா. இப்ப என்ன கெட்டுப்போச்சு? நீயே கேளு. ஏன் கனிஷ்கா, நல்லாத்தானே இருக்கறே?"

"எனக்கென்ன குறை?" என்றாள் கனிஷ்கா. "நல்லாத்தான் இருக்கறேன்."

அவர்கள் கண்களுக்கு அதற்குள் பழக்கம் வந்துவிட்டது. தர்ஷித், மரகதம், ஜெசிந்தா மூவரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே சமயத்தில் கீழே பார்த்தார்கள்.

கனிஷ்காவின் இடது கால் கட்டைவிரல், மெட்டி போட்ட விரலுக்குப் பக்கத்தில், உள்ளே மடங்கிக் கிடந்தது.

அவளும் பார்த்தாள். அது எப்போது மடங்கியது, எத்தனை வருசமாக மடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது. நிமிர்த்த முயன்றாள். அது நிமிர்வதாக இல்லை.

தர்ஷித் மனைவியின் காலைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதுமாக இருந்தார். நாமக்கல் ஈ ஒன்று சன்னல் வழியாக வந்து, மூன்றாவது டம்ளரின் விளிம்பில் உட்கார்ந்தது. கனிஷ்கா வழக்கம்போல் அதை ஓட்டக் கையைத் தூக்கினாள். பாதியில் கை நின்றது. ஈ நிதானமாக விளிம்பைச் சுற்றி நடந்து வந்தது.

"காலாலயா ருசி பாக்கும்?" என்றாள்.

"ஆமாங்கம்மா."

கனிஷ்கா காலி சோபாவைப் பார்த்தாள். "நாங்கெல்லாம் கூப்பிட்டதும் போயி உக்காந்தோம்" என்றாள், யாரிடமோ சொல்வது போல. பிறகு ஜெசிந்தா பக்கம் திரும்பினாள். "பூச்சியியல். சரி. பதிஞ்சுக்குங்க."

"கனிஷ்கா!"

"ரெண்டு பேரு சொல்லியாச்சுங்க. உங்களுக்கு வேணும்னா நீங்களும் சொல்லுங்க. கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமில்ல."

தர்ஷித் மனைவியை வெகுநேரம் பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்தார். கேட்டால் அவள் பதில் சொல்வாள், சொன்னால் காலைப் பார்க்க வேண்டியிருக்கும். அது அவரால் ஆகாத காரியம். "ஊரே சிரிக்கப்போவுது. நான் என்ன, ஈக்கா பாடி கட்டறது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தகரத்தை அடிக்கிற சத்தம் கேட்டது. ரொம்பப் பலமாகக் கேட்டது.

ஜெசிந்தா பெட்டியைக் கட்டினாள். மரகதம் விளக்குகளை மடக்கி வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள். வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றியபின் ஜெசிந்தா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"பாப்பா, ஒரு விசயம். மனசுல வச்சுக்கிட்டுப் போக முடியல."

"என்னுங்க அக்கா?"

"அங்க ஈ முட்டை ஒண்ணும் பொரிக்கலை. வேலையும் ஒண்ணும் இல்லை. சும்மாத்தான் உக்காந்திருந்தாங்க. காலை நீட்டிக்கிட்டு நிலக்கடலை தின்னுக்கிட்டு இருந்தாங்க. 'ஏன் வரலை'ன்னு கேட்டேன். 'இஷ்டமில்லை'ன்னு ஒரே வார்த்தை. காரணமில்லாம வரலைன்னா பெரியவங்க மனசு நோகுமேன்னு நானாத்தான் முட்டையைப் போட்டேன்."

மரகதம் அவள் காலைப் பார்த்தாள். ஜெசிந்தா ஷூ போட்டிருந்தாள்.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள் ஜெசிந்தா, சிரித்துக்கொண்டே. "இந்த வேலையில எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்கேன். அதுல பாதிப்பேரு எனக்குக் கனவுல வருவாங்க. உன்னோட ஆளு வர மாட்டா. அது ஒரு நிம்மதி." வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மரகதம் உள்ளே வந்தாள். அம்மா உள்ளறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது, ஆனால் தாழ்ப்பாள் போடவில்லை. விசும்பல் கேட்டது. மாடிப்படி ஏறாமல் முட்டி வலியைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன டாக்டரை நினைத்து அழுகிறாளா, அல்லது வேறு யாரையாவது நினைத்தா என்று தெரியவில்லை. கூடத்தில் மூன்றாவது காபி அப்படியே ஆறிக் கிடந்தது. அந்த ஈ இன்னும் விளிம்பிலேயே இருந்தது.

மரகதம் சோபாவில், மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

பட்டறையில் சத்தம் நின்றது.

"அம்மிணி! இங்க வா!"

அந்தக் குரல் கேட்டால், வாக்கியம் முடிவதற்குள் அவள் எழுந்துவிடுவாள். பதினேழு வருசத்துப் பழக்கம். இப்போதும் முதுகு சோபாவைவிட்டு எழும்பத்தான் பார்த்தது. அவள் அதைத் திரும்பச் சாய்த்துவைத்தாள்.

"வரலீங்கப்பா."

பின்கட்டில் சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏன்? என்ன வேலை அங்க?"

தலைவலி, அம்மா கூப்பிடுகிறாள், அடுப்பில் பால் என்று பழைய காரணங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஈ முட்டைகூட வந்து நின்றது. அவள் ஒன்றையும் எடுக்கவில்லை.

"வேலையெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா. வரலை. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஐந்து விரல்களும் நேராக, காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

பட்டறைப் பக்கமிருந்து திட்டு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்சம் கழித்துத் தகரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை அவ்வளவு பலமாக இல்லை.

அவள் டம்ளரை எடுத்தாள். ஈ பறந்துபோகாமல் விளிம்பில் கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கும் குடிக்க இடம் விட்டது.